பருத்தி அறையில் ஒரு மைக்

"இவ படிக்குதத எவன் காது குடுத்துக் கேக்கப் போறான்?"

மாமா இதை என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் அப்பாவிடம் சொன்னார். எங்கள் ஊர் ஆண்களுக்குப் பெண்களைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் இன்னொரு ஆணிடம்தான் கேட்பார்கள். ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன் ஆட்டிடமா வயதைக் கேட்கிறான்?

மாமா என்பவர் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், சாவு, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் மைக்செட் போடுகிறவர் அவர்தான். பசுவந்தனை வரைக்கும் அவருடைய குழாய்கள் கத்தும். மீசை முளைத்த நாளிலிருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை காலத்தில் அதிலிருந்து வருகிற சத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளாவது நின்று கேட்டிருப்பாரா என்றால், இல்லை. அதிகச் சத்தம் நல்ல சத்தம். அவருக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கியவள். அப்பா ஆட்டுக்கிடை போடுகிறவர். மற்றவர்கள் புஞ்சையில் எங்கள் ஆடுகள் படுத்து எழுந்து உரம் போட்ட காலம் போய், இப்போது எங்களுக்கென்று கொஞ்சம் கரிசல் இருக்கிறது. அதில் பருத்தி, உளுந்து, மழை ஒத்துழைத்தால் மக்காச்சோளம். பட்டம் வாங்கிய பிள்ளை பில் போடுவதே எங்கள் ஊர்க் கணக்கில் பெரிய ஏற்றம். அதற்கு மேல் ஒருத்தி ஆசைப்பட்டால் அவளுக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் ஒலிப்புத்தகங்கள் கேட்பேன். ஒரு நாள் ஒரு கதையில், கரிசல்காட்டுத் தாய் ஒருத்தி தன் மகளை ஏசுகிற இடம் வந்தது. வாசித்தவளுக்கு ஏசத் தெரியவில்லை. ஏச்சு அவள் வாயிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து மாதிரி வந்தது. எங்கள் பேச்சை ஏதோ சூடான கிழங்கு மாதிரி நாக்கில் உருட்டி உருட்டித் துப்பினாள். எனக்கு முகம் சுளித்தது. பக்கத்து சீட்டுக்காரி என்னவோ தன்னைப் பார்த்துத்தான் சுளித்தேன் என்று நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கே அந்த ஒலிப்புத்தகக் கம்பெனிக்கு, நான் வாசித்துத் தருகிறேன் என்று எழுதினேன். பதில் வந்தது. அவர்கள் அனுப்புகிற பகுதியை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். எடுபட்டால் தொடர்ந்து புத்தகங்கள் தருவார்கள். ஒரு நிபந்தனை: வாசிக்கிறவரிடம் சொந்தமாக நல்ல மைக் இருக்க வேண்டும், அமைதியான இடம் இருக்க வேண்டும்.

மைக் என் சம்பளத்தில் வாங்கினேன். கம்ப்யூட்டரில் நேராகச் செருகுகிற யூஎஸ்பி மைக். ஸ்டீரியோ கண்டென்சர் வகை. தனியாகக் கரண்ட் வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். லேப்டாப் கொடுக்கிற கரண்டே போதும். வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி விளக்குகிற வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். பாதிப் பேர் பெட்டியைக் கத்தியால் கிழிப்பதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் மைக்கைவிடத் தங்கள் முகத்துக்கு விழுகிற வெளிச்சத்தில்தான் கவனமாக இருந்தார்கள். கடைசியில் பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளைப் படித்தேன். இங்கிலீஷ்தான். ஆனால் பத்து வீடியோக்காரர்கள் சொல்லாததை அது இரண்டு படத்தில் சொன்னது.

பெட்டி வந்த அன்று அம்மா குங்குமச் சிமிழோடு வந்தாள். வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதற்கு ஒரு பொட்டு வைக்காமல் அவளால் இருக்க முடியாது. கிரைண்டருக்கும் வைத்தாள், ஸ்கூட்டிக்கும் வைத்தாள், கேஸ் அடுப்புக்கும் வைத்தாள். மைக்கின் தலையில் இருக்கிற கம்பிவலைக்குக் கையைக் கொண்டுபோனாள். அந்த வலைக்குள்ளேதான் மூச்சுக்காற்றுக்கே நடுங்குகிற தகடு இருக்கிறது. குங்குமத்தூள் உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாது. கையைப் பிடித்துத் தாங்கியின் அடிப்பாகத்தைக் காட்டினேன்.

"காலுலயா பொட்டு வைப்பாவ?" என்றாள்.

"இதுக்குத் தலை அங்கனதான் இருக்கு" என்றேன். வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவைச் சமாளிக்கலாம். அப்பா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனதில் மைக் என்றால் மாமா. வீட்டுக்கு மாடு வந்தால் தரகரைக் கூப்பிட்டுக் காட்டுவதுபோல், மைக் வந்தால் மாமாவுக்குக் காட்ட வேண்டும். மாமா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். விரல் நுனியால் வலையில் டொக் டொக்கென்று தட்டினார். பிறகு வாயைக் குவித்து 'பூ, பூ' என்று ஊதினார். அந்த ஊதலில் வெற்றிலைத் துணுக்கு ஒன்றும் கலந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

ஊதுவதும் தட்டுவதும் அவருடைய குண்டு மைக்குக்கு ஒன்றும் செய்யாது. அது கல்லுரல் மாதிரி. கண்டென்சர் மைக் அப்படி இல்லை என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். பெரியவர் பார்க்கும்போது பேசாதே என்ற பார்வை.

"இது என்னட்டி, காப்பி கிளாசு மாதிரி இருக்கு. எங்கன வாய வைக்க?" என்றார் மாமா.

"மேல இல்ல மாமா. பக்கவாட்டுல. இந்த முத்திரை போட்ட பக்கம் நம்மள பாத்து இருக்கணும்னு போட்டிருக்கு."

"எவன் போட்டிருக்கான்?"

"செஞ்சவன்."

"செஞ்சவனுக்குச் செய்யத்தான் தெரியும். மைக்கப் பிடிச்சவன் நான். பக்கவாட்டுல பேசுனா பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் கேக்கும்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிவாகிவிட்டது. மாமா மைக்கைப் படுக்கவைத்து, அதன் உச்சி என் உதட்டை இடிக்கிற மாதிரி நிறுத்தினார். சத்தத்தைக் கூட்டுகிற திருகைக் கடைசிவரை திருகினார். முதுகுப்பக்கம் இன்னொரு திருகு. எந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுக்க வேண்டும் என்பதற்கு. முன்பக்கம் மட்டும், முன்னும் பின்னும், சுற்றி எல்லாம், ஸ்டீரியோ என்று அதில் இருந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க முன்பக்கம் மட்டும்தான் வேண்டும். ஸ்டீரியோ என்பது வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறாகக் கேட்க வேண்டிய இசைக்கு. மாமா ஸ்டீரியோவில் வைத்தார். "அட்டப்பெட்டியிலயே ஸ்டீரியோன்னு பெருசாப் போட்டுத்தான் வித்திருக்கான். துட்டு குடுத்தது அதுக்குத்தான" என்றார்.

அன்றுதான் பதிவை அனுப்பக் கடைசி நாள். அப்பா முன்னால், அப்பா கூட்டிவந்த ஆளைத் தள்ளிவிட்டு உட்கார முடியாது. மாமா சொன்னபடியே வாசித்தேன். தலைக்கு மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் சிமெண்ட் சுவர். கேட்டுப் பார்த்தபோது என் குரலைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. ஃபேன் சுற்றுவது கணீரென்று கேட்டது. கொட்டத்தில் ஆடு செருமுவது கேட்டது. மாமா வாசலில் நின்று யாருக்கோ போனில் விலை பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.

கம்பெனியிலிருந்து ஒரு அம்மா செய்தி அனுப்பினார்கள். குரல் தெளிவு, வாசிப்பும் பரவாயில்லை, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது, சுற்றுச் சத்தம் அதிகம். இன்னொரு முறை அனுப்பலாம். அதற்கு மேல் நாங்கள் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு வரி: பதிவுக் கருவிகளைக் கையாளும் அனுபவம் உள்ள யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்ளவும்.

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் எனக்கே அசிங்கம்.

மாமாவிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார். "நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா மச்சான். மைக்கு என்ன செய்யும், பேசுத ஆளு சரியா இருக்கணும்லா" என்று ஆறுதல் சொன்னாராம். அவர் வைத்த மைக், அவர் திருகிய திருகு, அவர் வாயிலிருந்து போன வெற்றிலை. தப்பு மட்டும் என் தொண்டையில்.

அன்றிலிருந்து மைக்கைத் தொட ஒருவரையும் விடவில்லை. முதல் வேலையாகச் சத்தத் திருகைக் குறைத்தேன். பேசும்போது லேப்டாப் திரையில் ஏறி இறங்குகிற பச்சைக் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. சத்தம் போதவில்லை என்றால் திருகைத் தொடாமல் நாம் கொஞ்சம் கிட்டத்தில் போக வேண்டும். ஒரு சாண் தூரம் சரியாக இருந்தது. ஹெட்போனை மைக்கிலேயே செருகிக் கேட்டேன். லேப்டாப்பில் செருகினால் நம் குரல் நமக்கே கொஞ்சம் பிந்திக் கேட்டு நாக்கு குழறும். 'ப', 'பெ' என்று சொல்லும்போது வாயிலிருந்து போகிற காற்று மைக்கில் முட்டாமல் இருக்கப் பூவேலை செய்கிற வளையத்தில் அம்மாவின் பழைய நைலான் சேலைத் துண்டை இழுத்துக் கட்டி முன்னால் நிறுத்தினேன். இதையெல்லாம் யாரும் வந்து எனக்குச் சொல்லித் தரவில்லை. படித்தேன், செய்தேன், கேட்டேன், மறுபடியும் செய்தேன். இதைத்தான் படிப்பு என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். தாலுகா ஆபீசுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அந்தக் காகிதத்தை மட்டும்தான்.

அடுத்து இடம். கோவில்பட்டியில் ஸ்டுடியோ இருக்கிறது, அங்கே போ என்று ஆபீசில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். சடங்கு வீடியோவுக்குப் பின்னணி போடுகிறவர். என் குரலில் ஒரு வரி எடுத்துக் காட்டினார். நான் சொன்ன ஒரு வார்த்தையைச் சுவரே மூன்று தடவை திருப்பிச் சொன்னது. எஃபெக்ட் என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டிலேயே ஒவ்வொரு அறையாக நின்று கை தட்டிப் பார்த்தேன். முன்னறையில் தட்டினால் தகரம் பதில் சொன்னது. அடுப்படியில் பாத்திரங்கள் பதில் சொல்லின. பின்னால் பருத்தி போட்டுவைக்கிற அறையில் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை. கைக்கும் காதுக்கும் நடுவில் யாரோ போர்வையைப் பிடித்த மாதிரி இருந்தது. மாசியில் எடுத்த பருத்தி, விலை வரட்டும் என்று அப்பா சுவர் உயரத்துக்குக் குவித்திருந்தார். ஒரு பக்கம் அவிழ்த்துக் கொட்டியது, ஒரு பக்கம் சாக்குத் தாட்டுகளில் கட்டி அடுக்கியது. காசு கொடுத்துச் சுவரில் ஒட்டுகிற பஞ்சுப் பலகைகளை வீடியோக்களில் காட்டினார்களே, அது எங்கள் வீட்டில் ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

ஆனால் பருத்தி அறை மைக்குக்கு நல்ல அறை இல்லை. சத்தத்துக்கு நல்லது, மைக்குக்குக் கெட்டது. பஞ்சுத் தும்பு பறக்கும். கரிசல் தூசி எங்கே இல்லை? பங்குனிக் காற்றில் ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றில் விழும். அதனால் வாசிக்கிற நேரம் மட்டும்தான் மைக் அந்த அறையில் இருக்கும். முடிந்ததும் சத்தத் திருகைக் குறைத்து, வயரைக் கழற்றி, ஈரமில்லாத மெல்லிய துணியால் உடம்பை மட்டும் துடைத்து, வலையைத் தொடாமல், துணிப் பையில் போட்டு மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். செருப்புப் பெட்டியில் வருகிற, ஈரத்தை உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கைப்பிள்ளையைக்கூட இப்படிச் சுற்றி வைக்க மாட்டார்கள் என்றாள். பிள்ளை அழுது சொல்லும். இது சொல்லாது என்றேன்.

எல்லாம் தயாரானபோது ஊரில் நாள் குறித்துப் பொங்கல் சாட்டிவிட்டார்கள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். சாட்டிய நாளே மாமா குழாய் கட்டிவிட்டார். கோயிலைச் சுற்றிக் கட்டியது போக, எங்கள் தெரு முக்கில் ஒரு கம்பு நட்டு அதில் ஒன்றை எங்கள் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். காலையில் ஆரம்பித்தால் பாட்டு நிற்காது. பருத்தி எவ்வளவு சத்தத்தைக் குடித்தாலும் அந்தக் குழாயைக் குடிக்க முடியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், என் மூச்சுக்குப் பின்னால் அம்மன் பாட்டு அரித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி கொடுத்த கெடு முளைப்பாரி கரைக்கிற கடைசி நாளுக்கு மறுநாளோடு முடிகிறது. இன்னொரு வாரம் கேட்டு எழுதினேன். முடியாது என்று ஒரு வரியில் வந்தது.

பொங்கலில் சத்தம் இல்லாமல் இருக்கிற ஒரே நேரம் எனக்குத் தெரியும். கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் முளைப்பாரியைக் கரைக்கப் போவார்கள். கண்மாயில் தண்ணீர் இருந்து பல வருஷமாயிற்று. ரோட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணறு வரை போக வேண்டும். ஊரே போகும். மாமா மைக்செட்டைக் கழற்றி ஜெனரேட்டரோடு சின்ன லாரியில் ஏற்றி முன்னால் போவார். அந்த நேரம் ஊரில் காக்காய்தான் இருக்கும்.

மாமாவிடம் போய் அந்த நேரம் ஏதாவது பாட்டு ஓடுமா என்று மட்டும் கேட்டிருக்கலாம். எதற்காகக் கேட்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அதுதான் தாமதம்.

கோயில் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் அவருக்குக் குரல் தானாகவே ஏறும்.

"ஓ, மருமவ மைக்செட்டு போடுத நேரத்துக்கு மாமன் மைக்செட்ட நிப்பாட்டணுமோ?"

"நிப்பாட்டச் சொல்லல மாமா. எப்பமும் அந்த நேரத்துக்குக் கழத்தத்தான செய்யுதீங்க."

"இந்த வருசம் கழத்தல. புதுசா ஒரு செட்டு வாங்கியிருக்கம்லா. ஒண்ணு வண்டில வரும், ஒண்ணு இங்கன பாடும். அம்மனத் தனியா உட்டுட்டுப் போவச் சொல்லுதியா?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பிள்ள கேக்குது, ஒரு மணி நேரந்தான" என்றார். மாமா அவரைப் பார்க்கவே இல்லை.

"உம் மைக்கு நல்ல மைக்குன்னா இந்தச் சத்தத்துக்கு மேல படி பாப்போம். கேக்கட்டும்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கெஞ்சினால் கிடைக்கும் என்று அம்மா சொன்னாள். கிடைத்திருக்கும்தான். கெஞ்சி வாங்கிய அமைதியில் என் குரல் எப்படி வரும் என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று தோன்றியது.

கடைசி நாள் அம்மாவுக்கு வேறு கவலை. எங்கள் வீட்டுப் பாரி நன்றாக முளைத்து வெளுப்பாக, அடர்த்தியாக நின்றது. கல்யாணமாகாத பெண் வீட்டில் இருக்கும்போது அவள்தான் தூக்க வேண்டும். நான் வரவில்லை என்றேன்.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லட்டும்? வயித்து வலின்னு சொல்லிக்கிடுதேன்."

"வேலை இருக்குன்னு சொல்லு."

"பொட்டப்பிள்ளைக்கு அன்னைக்கு என்னட்டி வேலை?"

"அதான் சொல்லு. கேக்குதவிய தெரிஞ்சிக்கிடட்டும்."

அம்மா சும்மாட்டுத் துணியைச் சுற்றினாள். பிறகு தானே பாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். அவள் வெளியில் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

பருத்தி அறையில் ஸ்டூல் போட்டு மைக்கை நிறுத்தினேன். முத்திரை என்னைப் பார்த்து. பின்பக்கம் பருத்திக் குவியலைப் பார்த்து. திருகு முன்பக்கம் மட்டும் என்ற இடத்தில். லேப்டாப்பைக் காலையிலிருந்தே சார்ஜில் போட்டிருந்தேன். பழைய லேப்டாப்; முழுசாக ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும், இப்போது மைக்குக்கும் அதுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முக்குக் குழாய் பாடிக்கொண்டிருந்தது. மாமா சொன்னபடியே ஒரு செட்டை விட்டுவிட்டுப் போகிறார்.

ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. கும்மிச் சத்தம், குலவை. வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றதை ஜெனரேட்டர் சொன்னது. பிறகு மாமாவின் குரல், வண்டி மேல் இருந்த குழாயில், தெரு முழுக்க:

"வீட்டுக்குள்ள மைக்கோட குடும்பம் நடத்துத மருமகளே, எங்கிருந்தாலும் உடனடியாக வாசலுக்கு வரவும். அம்மன் காத்துக்கிட்டு இருக்கா."

சிரிப்பு. பெண்களின் சிரிப்பும் அதில் இருந்தது. அம்மா அந்தக் கூட்டத்தில்தான் தலையில் பாரியோடு நிற்கிறாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு ஆத்திரம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் வேறொன்றுக்காகக் காத்திருந்தேன்.

எங்கள் தெருவைத் தாண்டினால் கீழத்தெரு. அங்கே கரண்ட் கம்பிகள் தாழ்வாகத் தொங்கும். வண்டி மேல் கம்பு நட்டுக் குழாய் கட்டியிருப்பதால் தட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஊர்வலம் போய்த் திரும்புகிற வரைக்கும் ஊர் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவைப்பார்கள். நிறுத்தச் சொல்லி லைன்மேனை மைக்கில் கூப்பிடுகிறவர் யார்? மாமாதான். கரண்ட் போனால் கோயிலில் விட்டுவந்த செட்டும் நிற்கும் என்பது ஒரு விஷயம். கரண்டை நிறுத்தச் சொல்லப் போவது தான்தான் என்பது இன்னொரு விஷயம். இரண்டும் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கோயில் வாசலில் அவர் பேசும்போதே எனக்கு இது தோன்றிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

வண்டி தெரு திரும்பியது. மாமாவின் குரல் தூரத்தில், கம்பீரமாக:

"லைன்மேன் அண்ணாச்சி, கரண்ட்ட நிப்பாட்டிக்கிடுங்க. கரண்ட்ட நிப்பாட்டிக்கிடுங்க."

முக்குக் குழாய் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஃபேன் நின்றது. எதிர்வீட்டு டிவி, பக்கத்துவீட்டு மோட்டார் எல்லாம் நின்றன. அது வரைக்கும் அவ்வளவு சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. லேப்டாப் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மைக்கின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாவிட்டால் மாமா கோயிலில் விட்டுவந்த செட் வெறும் இரும்பு. என்னுடையது அப்படி இல்லை.

வண்டிக் குழாயின் சத்தம் கீழத்தெருவைத் தாண்டித் தேய்கிற வரைக்கும் பொறுத்து, வாசிக்க ஆரம்பித்தேன்.

ஜன்னல் சாத்திய அறை, பங்குனி வெயில், பருத்திச் சூடு. கழுத்தில் வேர்வை இறங்கியது. துடைத்தால் துணி உரசுகிற சத்தம் விழும் என்று துடைக்கவில்லை. நடுவில் ஒரு சிவப்புப் பருத்திப் பூச்சி தாங்கியில் ஏறியது. குங்குமப் பொட்டைத் தாண்டி, மைக்கின் உடம்பில் ஏறி, வலையின் விளிம்பில் வந்து நின்றது. ஊதக் கூடாது. தட்டக் கூடாது. கையை நீட்டினால் ஸ்டூல் அசையும். அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அதுதான். மாமாவைவிட மரியாதையாகக் கேட்டது. ஓரிடத்தில் நாக்கு தடுக்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடியும் வாசித்தேன். பேட்டரிப் படம் சிவப்பாகிவிட்டது. கடைசிப் பத்தியை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தினால் அது என் குரலில் தெரியும். தெரியத்தான் அந்த மைக்கை வாங்கினேன்.

முடித்து, சேமித்து, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கரண்ட் வரவில்லை. தூரத்தில் ரோட்டுப் பக்கம் குலவைச் சத்தம் லேசாகக் கேட்டது. பூச்சியை ஒரு காகிதத்தில் ஏற்றிக் குவியலில் விட்டேன்.

போனில் இருந்த நெட்டை வைத்து அன்றைக்கே அனுப்பினேன்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. எடுத்துக்கொண்டோம் என்று இருந்தது. முதல் புத்தகத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா போனிலும் பேசினார்கள். எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள், அறை நன்றாக இருக்கிறதே என்றார்கள். பருத்தி போட்டுவைக்கிற அறை என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு, உச்சரிப்பில் கொஞ்சம் ஊர் வாசம் அடிக்கிறது, குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். கதை சொல்கிற இடங்களில் குறைக்கிறேன், எங்கள் ஊர் ஆட்கள் பேசுகிற இடங்களில் குறைக்க மாட்டேன் என்றேன். பிறகு சரி என்றார்கள். யோசித்துச் சொன்ன சரி அது. எனக்குப் போதும்.

அப்பா விஷயத்தை மாமாவிடம் சொன்னார். சாயங்காலமே டீக்கடையில் மாமா சொன்ன செய்தி எனக்கு வந்து சேர்ந்தது: அன்னைக்கு நான் கரண்ட்ட நிப்பாட்டச் சொல்லலைன்னா இவ எங்கன பாசாக? அதைக் கேட்டு அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினாராம். உண்மைதானே என்று என்னிடமும் சொன்னார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. முதல் தடவை கெட்டது என் தொண்டையால். இரண்டாம் தடவை நல்லது அவர் தயவால். இப்படிப்பட்ட கணக்கை ஆபீசில் ஒருத்தர் போட்டுக்கொண்டு வந்தால் நான் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மாமாவைத் திருப்பி அனுப்ப முடியாது. அம்மா வழிச் சொந்தம்.

ஒரு நாள் வீட்டுக்கும் வந்தார். மைக்கைப் பார்க்க வேண்டும் என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். விரலை நீட்டிக்கொண்டு வந்தார். வலையின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். அவர் விரல் என் புறங்கையில் வந்து முட்டி நின்றது.

"தொடக்கூட உட மாட்டியா?"

"உங்க மைக்க நான் தொட்டேனா மாமா?"

காப்பியைக் குடிக்காமல் போனார். அம்மா என்னை ஏசினாள். நன்றாகவே ஏசினாள். அந்த ஒலிப்புத்தகக்காரி பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் பாடம் படித்திருப்பாள்.

போன வாரம் பருத்திக்கு விலை வந்தது. கோவில்பட்டியிலிருந்து வியாபாரி வண்டி கொண்டுவந்தார். அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நாள் வைத்திருக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. என்னிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பருத்தி விற்றால்தான் அடுத்த விதைப்பு. என் புத்தகத்துக்காக அது அங்கே கிடக்க வேண்டியதில்லை. ஏற்றச் சொன்னேன். வண்டி போன பிறகு அறையில் நின்று கை தட்டினேன். நாலு சுவரும் சேர்ந்து தட்டின.

முதல் புத்தகத்தில் பாதிக்கு மேல் இன்னும் வாசிக்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து மரக்கடைக்குப் போய், சுவரின் அளவைச் சொல்லிச் சட்டம் அறுக்கக் கொடுத்தேன். வியாபாரி கழித்துப் போட்ட மட்டப் பருத்தியையும் பூச்சி அரித்துக் கொட்டுப்பட்ட பஞ்சையும் பழைய தாட்டுகளில் திணித்து மெத்தை மாதிரி தைத்தேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். சுத்தியலை நான் பிடித்தேன். ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு நேற்றே அடித்தாயிற்று.